ஜேம்ஸ் காபட்டுக்கு 13 அழைப்பு, ஜூலியா காபட்டுக்கு 3

பணக்கார வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி வேலை செய்யும் இடங்களில் இரண்டு விதமான பேச்சு உண்டு. ஒன்று: அப்பா காசில் வளர்ந்தது, கஷ்டம் தெரியாது, மேலதிகாரி ஒரு வார்த்தை கடிந்து பேசினால் மறுநாள் ராஜினாமா மெயில் வந்துவிடும், சம்பளத்துக்காகவா வருது, பொழுது போகத்தானே வருது. இன்னொன்று: நல்ல குடும்பம், நாலு பேரிடம் பழகத் தெரியும், இங்கிலீஷ் தடுமாறாது, பெரிய கிளையன்ட் வந்தால் தைரியமாகக் கூட உட்கார வைக்கலாம். இரண்டுமே ஒரே மேனேஜர் வாயிலிருந்து, சில சமயம் ஒரே வாரத்தில்கூட வரும். மனிதர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார் என்று தோன்றும். ஆனால் முதல் பேச்சு யாரைப் பற்றி வருகிறது, இரண்டாவது யாரைப் பற்றி வருகிறது என்று கொஞ்சம் கவனித்தால் அதில் ஓர் ஒழுங்கு தெரியும்.

அந்த ஒழுங்கை எண்களில் பிடித்துக் காட்டிய ஆய்வு ஒன்று 2016ல் 'அமெரிக்கன் சோஷியலாஜிக்கல் ரிவ்யூ' இதழில் வந்தது. செய்தவர்கள் இருவர். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கெல்லாக் மேலாண்மைப் பள்ளியைச் சேர்ந்த லாரன் ரிவேரா, டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் ரோட்மன் மேலாண்மைப் பள்ளியைச் சேர்ந்த ஆந்த்ராஷ் டில்சிக். களம், அமெரிக்காவின் பெரிய சட்ட நிறுவனங்கள். வந்த காலத்தில் இது நிறையப் பேசப்பட்டது, ஆனால் பேசியவர்களில் பாதிப்பேர் 'பணக்காரப் பெண்களுக்கு வேலை கிடைப்பதில்லை' என்று ஒரு வரியில் சுருக்கிவிட்டார்கள், மீதிப்பேர் 'பணக்காரர்களுக்குத்தான் எல்லாம்' என்று இன்னொரு வரியில் சுருக்கினார்கள். ஆய்வின் எண்களை வைத்துப் பார்த்தால் இரண்டு வரியும் முழுசாக நிற்காது. அதனால்தான் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எந்த வேலைக்கு இவ்வளவு போட்டி

அமெரிக்காவில் சட்டப் படிப்பு 3 வருடம், அதுவும் ஒரு பட்டம் முடித்த பிறகு. இரண்டாம் வருடம் முடிந்ததும் வரும் கோடை விடுமுறையில் பெரிய நிறுவனங்கள் மாணவர்களைச் சில வாரங்களுக்கு வேலைக்கு எடுக்கும். சம்மர் அசோசியேட் என்று பெயர். பெயர் பயிற்சி மாதிரி இருந்தாலும் உண்மையில் அதுதான் வாசல். அந்தக் கோடையை ஒழுங்காகக் கழித்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்குப் படிப்பு முடிந்ததும் நிரந்தர வேலை வந்துவிடும், அந்த வாசலில் நுழையாதவர்கள் பின்னால் நுழைவது கஷ்டம். இந்த நிறுவனங்களில் முதல் வருட வக்கீலின் சம்பளம் 2007 முதல் ஆண்டுக்கு 1,60,000 டாலர் என்று இருந்தது, 2016ல் கிராவத் என்ற நியூயார்க் நிறுவனம் அதை 1,80,000 ஆக்க, மற்றவர்களும் வரிசையாகப் பின்தொடர்ந்தார்கள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் இந்தச் சம்பளம் அந்த நாட்டிலேயே மிகக் குறைவான வேலைகளில்தான் உண்டு. பதிலுக்கு வருடம் 2,000 மணி நேரம் வரை கிளையன்ட்டிடம் கட்டணம் வாங்கும் வேலையாக எழுதிக் காட்ட வேண்டும், அதற்கு அலுவலகத்தில் எவ்வளவு நேரம் இருக்க வேண்டியிருக்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த 2,000 மணி நேரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாச் சந்தேகங்களும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

ஹார்வர்டு, யேல் மாதிரி இடங்களுக்கு இந்த நிறுவனங்கள் தாங்களாகவே போய் கேம்பஸ் இன்டர்வியூ நடத்துகின்றன. அடுத்த படியில் இருக்கும் சட்டக் கல்லூரி மாணவர்கள் பெரும்பாலும் தாங்களாகவே விண்ணப்பம் அனுப்பித்தான் கதவைத் தட்ட வேண்டும். ஆய்வாளர்கள் தங்கள் கற்பனை மாணவர்களை இந்த இரண்டாம் படியில் வைத்தார்கள். காரணம் எளிது. ஹார்வர்டு மாணவர் தபாலில் விண்ணப்பித்தால் அதுவே விசித்திரமாக இருக்கும், ஏதோ சரியில்லை என்று ஆட்கள் நினைப்பார்கள். இரண்டாம் படிக் கல்லூரியில் வகுப்பின் முதல் 1 சதவீதத்தில் இருக்கிற, கல்லூரியின் சட்ட இதழில் பொறுப்பு வகிக்கிற மாணவர் விண்ணப்பித்தால் அது இயல்பு.

நான்கு பேர், ஒரே மதிப்பெண்

இப்படிப் போலி விண்ணப்பம் அனுப்பிச் சோதிப்பது புதிதில்லை. 2004ல் மரியான் பெர்ட்ரண்டும் செந்தில் முல்லைநாதனும் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் ஏறக்குறைய 5,000 ரெஸ்யூம்களை அனுப்பி, வெள்ளையர் பெயர் இருந்தால் கறுப்பர் பெயருக்கு வருவதைவிட 50 சதவீதம் அதிக அழைப்பு வருகிறது என்று காட்டினார்கள். அங்கே மாறியது பெயர் மட்டும். இங்கே வர்க்கத்தைக் காட்ட வேண்டும், அதற்குப் பெயர் மட்டும் போதாது. ரெஸ்யூமில் யாரும் 'என் அப்பா கோடீஸ்வரர்' என்று எழுதுவதில்லையே.

ரிவேராவும் டில்சிக்கும் என்ன செய்தார்கள் என்றால், படிப்பு, மதிப்பெண், முன் வேலை அனுபவம் எதையும் தொடாமல் ஓரத்தில் இருக்கிற சின்னச் சின்ன வரிகளை மட்டும் மாற்றினார்கள். பணக்கார மாணவரின் குடும்பப் பெயர் காபட், பாஸ்டனின் பழைய பணக்காரக் குடும்பங்களில் ஒன்றின் பெயர். மற்றவர் கிளார்க், ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். காபட்டின் பொழுதுபோக்கு பாய்மரப் படகு, போலோ, மேற்கத்திய செவ்வியல் இசை. கிளார்க்கின் பொழுதுபோக்கு ஓட்டப் பந்தயம், தெருவில் கூடி ஆடும் கால்பந்து, அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் கொண்ட கன்ட்ரி இசை. காபட்டுக்குப் பல்கலைக்கழக விளையாட்டு விருது. கிளார்க்குக்கும் அதே விருதுதான், ஆனால் கல்வி உதவித்தொகை பெறும் விளையாட்டு மாணவர்களுக்கானது. காபட் முதல் வருட மாணவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர், கிளார்க் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த மாணவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர்.

அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு சாதாரண வாசகர் இந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்கூட முதல் பார்வையில் ஒன்றும் பிடிபடாமல் போகலாம். என்னைக் கேட்டால் கிளார்க்கின் தாள்தான் கனமானது. பண உதவியில் படித்து, விளையாட்டிலும் விருது வாங்கி, வகுப்பில் முதல் 1 சதவீதத்தில் வந்து நிற்கிற ஆள் எவ்வளவு ஓடியிருக்க வேண்டும்.

இதோடு பெயரின் முதல் பாதியை ஜேம்ஸ், ஜூலியா என்று மாற்றினால் நான்கு பேர் கிடைக்கிறார்கள். ஜேம்ஸ் காபட், ஜூலியா காபட், ஜேம்ஸ் கிளார்க், ஜூலியா கிளார்க். 14 நகரங்களில் 147 பெரிய நிறுவனங்களின் 316 அலுவலகங்களுக்கு விண்ணப்பம் போனது, ஒரு அலுவலகத்துக்கு ஒரே ஒரு ஆள், யார் என்பது குலுக்கல் முறையில். அதனால் எந்த அலுவலகமும் இருவரை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. தன் முன்னால் வந்த ஒரு தாளுக்கு மட்டும் ஆமாம் அல்லது இல்லை என்றது.

வந்த பதில்

316 விண்ணப்பங்களுக்கு மொத்தம் 22 இன்டர்வியூ அழைப்பு வந்தது. அதில் 13 ஜேம்ஸ் காபட்டுக்கு. மீதி மூவருக்கும் சேர்த்தே 9 தான்: ஜூலியா கிளார்க்குக்கு 5, ஜூலியா காபட்டுக்கு 3, ஜேம்ஸ் கிளார்க்குக்கு 1. ஒவ்வொருவர் பெயரிலும் கிட்டத்தட்ட 80 தாள் போயிருப்பதால் சதவீதமாகப் பார்த்தால் ஜேம்ஸ் காபட் 16க்குக் கொஞ்சம் மேல், ஜூலியா கிளார்க் 6 சொச்சம், ஜூலியா காபட் 4க்குக் கொஞ்சம் கீழ், ஜேம்ஸ் கிளார்க் ஒன்றரைக்கும் கீழ்.

சரி, இங்கேதான் நிதானம் வேண்டும். 'ஏழைப் பெண்ணைவிடப் பணக்காரப் பெண் பின்தங்கினாள்' என்று அப்போது ஓடிய தலைப்புகள் 5க்கும் 3க்கும் இடையிலான வித்தியாசத்தின் மேல் நிற்கின்றன. 79 விண்ணப்பத்தில் 5, 79 விண்ணப்பத்தில் 3. இரண்டு அலுவலகங்களில் இரண்டு பேர் அன்றைக்கு வேறு மனநிலையில் இருந்திருந்தால் எண் சமமாகியிருக்கும். புள்ளியியல் தெரிந்த எவரும் இதை வைத்து யார் முன்னால் யார் பின்னால் என்று சொல்ல மாட்டார்கள். ஏழை ஆணைவிட ஏழைப் பெண் மேல் என்பதற்கும் இதே கதி. உறுதியாக நிற்பது ஜேம்ஸ் காபட்டுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான இடைவெளி மட்டுமே. அதில் முக்கியமானது அவனுக்கும் ஜூலியா காபட்டுக்கும் உள்ள இடைவெளி. அதே படகு, அதே போலோ, அதே குடும்பப் பெயர். 13க்கு 3.

ஆக இந்தப் பகுதி சொல்வது இதுதான்: செல்வத்தின் அடையாளம் ஆணை மேலே தூக்கியது, பெண்ணுக்கு அது எதையும் செய்யவில்லை. அது பெண்ணைக் கீழே தள்ளியது என்று சொல்ல இந்த 316 தாள்கள் போதாது. தள்ளியிருக்கலாம், தெரியாது. அந்த வேறுபாட்டை விட்டுவிட்டுப் பேசியதால்தான், பணக்காரப் பெண்களுக்காக அழ வேண்டுமா என்று ஒரு பக்கம் கிண்டல், ஐயோ பாவம் என்று மறுபக்கம் பரிதாபம், இரண்டும் தேவைக்கு மேல் ஓடியது.

ஏன் என்று கேட்டபோது

தாள் அனுப்பும் சோதனை 'என்ன' என்று சொல்லும், 'ஏன்' என்று சொல்லாது. அதனால் ஆய்வாளர்கள் இரண்டாவது கட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் 210 வக்கீல்களிடம் அதே நான்கு ரெஸ்யூம்களில் ஒன்றைக் கொடுத்து, இவரை இன்டர்வியூவுக்குக் கூப்பிடலாமா, திறமை எப்படி, நம் நிறுவனத்தோடு ஒத்துப்போவாரா, வேலையில் ஊன்றி நிற்பாரா என்றெல்லாம் மதிப்பிடச் சொன்னார்கள். கூடவே 20 வக்கீல்களிடம் நேரடிப் பேட்டி.

காபட் என்றால், ஆணோ பெண்ணோ, நம் ஆள், நம் கிளையன்ட்களோடு ஒட்டுவார் என்ற மதிப்பீடு கூடியது. பணக்காரக் கிளையன்ட்டுக்குப் பணக்கார வீட்டு வக்கீல் பொருத்தம் என்பது அவர்களுடைய கணக்கு. ரிவேரா இதற்கு முன்பே, 2012ல் வெளியான இன்னோர் ஆய்வில், சட்டம், முதலீட்டு வங்கி, மேலாண்மை ஆலோசனை ஆகிய மூன்று துறைகளில் ஆள் எடுக்கும் 120 பேரிடம் பேசி இதையே காட்டியிருந்தார். பாதிக்கு மேற்பட்டவர்கள் இன்டர்வியூ கட்டத்தில் தாங்கள் முதலில் பார்ப்பது இந்த ஒத்துப்போகும் தன்மையைத்தான் என்றார்கள். பேசிப் பார்த்தால் அதன் அடியில் இருப்பது ஒரே விளையாட்டு, ஒரே பயணம், ஒரே மாதிரிப் பள்ளி. விமான நிலையத்தில் இந்த ஆளோடு மாட்டிக்கொண்டால் சலிக்காமல் பேச முடியுமா என்பதுதான் சிலரின் உண்மையான சோதனை.

ஆனால் ஊன்றி நிற்பாரா என்ற கேள்வி வந்ததும் கதை மாறுகிறது. ஜேம்ஸ் காபட்டின் மேல் அந்தச் சந்தேகம் விழவில்லை. ஜூலியா காபட்டின் மேல் விழுந்தது, நால்வரில் அவளுடைய மதிப்பெண்தான் இதில் மோசம். பேட்டிகளில் வக்கீல்கள் சொன்ன காரணம் நமக்குப் புதிதாக இருக்காது: இந்த மாதிரிப் பெண் தனக்கு இணையான வசதியுள்ளவனைக் கல்யாணம் செய்துகொள்வாள், குழந்தை வந்ததும் இந்த 2,000 மணி நேர வேலையை விட்டுவிடுவாள் அல்லது லேசான வேலைக்கு மாறிவிடுவாள், அவளுக்கு இந்தச் சம்பளம் அவசியமில்லை. ஜூலியா கிளார்க்குக்குப் படிப்புக் கடன் இருக்கும், கட்டித்தானே ஆக வேண்டும், அதனால் இருப்பாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சம்பளம் அவசியமில்லை என்ற வாதம் ஜேம்ஸ் காபட்டுக்கும் அப்படியே பொருந்துகிறது. அவனுக்கும் குடும்பச் சொத்து இருக்கிறது. அவனும் மூன்றாவது வருடத்தில் போதும் என்று படகை எடுத்துக்கொண்டு போய்விடலாம். இந்த நிறுவனங்களில் இளம் வக்கீல்கள் சில வருடங்களில் வெளியேறுவது ஆண், பெண் பேதமில்லாமல் சர்வ சாதாரணம். ஆனால் அவனைப் பார்த்து யாருக்கும் அந்த எண்ணமே வரவில்லை. 'பணக்காரப் பிள்ளை பொறுப்பில்லாதது' என்ற முன்முடிவு பணத்தைப் பார்த்து வருவதாக நாம் நினைக்கிறோம். இங்கே அது பணத்தோடு பெண் என்ற அடையாளம் சேர்ந்தபோது மட்டும்தான் எழுந்தது. எனக்கு இந்த முழு ஆய்விலும் மிகவும் உறைக்கும் இடம் இதுதான், 13 என்ற எண்ணைவிட.

அது முழுக் கற்பனையா

இங்கே ஒருவர் எதிர்க்கேள்வி கேட்பார், கேட்கவும் வேண்டும். வசதியான பெண்கள் வேலையை விடுவது உண்மையாகவே நடக்கிறதே, மேனேஜர் அனுபவத்தில் சொன்னால் அதை எப்படி முன்முடிவு என்பது?

நடக்கத்தான் செய்கிறது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பொருளாதார அறிஞர் ஜோனி ஹெர்ஷ் 2013ல் இதை ஆராய்ந்தார். எம்பிஏ முடித்த தாய்மார்களில், இளங்கலையை மிக உயர்ந்த கல்லூரிகளில் படித்தவர்கள் 35 சதவீதம் பேர்தான் முழு நேர வேலையில் இருந்தார்கள், சாதாரணக் கல்லூரிகளில் படித்தவர்களில் 66 சதவீதம் பேர் இருந்தார்கள். இடைவெளி பெரிது, மறுக்க வழியில்லை. அதனால் அந்த வக்கீல்கள் ஆகாயத்திலிருந்து எதையும் பிடித்துச் சொல்லவில்லை.

ஆனால் அந்தப் புள்ளிவிவரத்தை ஜூலியா காபட்டின் தாளில் ஒட்டும்போது எத்தனை தாவல் நடக்கிறது என்று பாருங்கள். ஹெர்ஷின் எண் குழந்தை பெற்ற பெண்களைப் பற்றியது. ஜூலியா சட்டக் கல்லூரி இரண்டாம் வருட மாணவி, கல்யாணம் பற்றியோ குழந்தை பற்றியோ தாளில் ஒரு சொல் இல்லை. அந்த எண் எம்பிஏ முடித்தவர்களைப் பற்றியது, ஜூலியா படிப்பது சட்டம். அவள் விண்ணப்பித்திருப்பது சில வாரக் கோடை வேலைக்கு. அதற்குள் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து, பிரசவம் பார்த்து, ராஜினாமாவும் எழுதி வாங்கிவிட்டார்கள். தாய்மையை வைத்து வேலை மறுப்பது பற்றி ஷெல்லி கொரெல் குழுவினர் 2007ல் ஒரு ஆய்வு செய்திருக்கிறார்கள். அதில் குழந்தை இருப்பது தெரிந்த பெண்களைவிட, தெரியாத பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் அதிகமாக அழைப்பு வந்தது. அங்கே குழந்தையாவது இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. பெண்கள் ஏன் விடுகிறார்கள் என்பதில் நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. இவள் எப்படியும் போகிறவள் என்று முதல் நாளே முடிவு கட்டினால் நல்ல கேஸ் அவளுக்கு வராது, நிறுவனத்தின் பங்குதாரரான பார்ட்னர் ஆகும் பாதையில் அவளை யாரும் தள்ளிவிட மாட்டார்கள், நாலாவது வருடம் அவள் போகும்போது பார்த்தாயா, சொன்னேனே என்பார்கள்.

பேசப்படாத ஜேம்ஸ் கிளார்க்

ஜூலியா காபட்டைப் பற்றியே எல்லோரும் எழுதினார்கள். எனக்கு 78 விண்ணப்பத்தில் ஒரே ஒரு அழைப்பு வாங்கிய ஜேம்ஸ் கிளார்க்கைப் பற்றித்தான் கூடுதலாகக் கவலை. ஆண் என்பதால் கிடைத்திருக்க வேண்டிய லாபம் எதுவும் அவனுக்கு வரவில்லை. ஆண் என்பது படகோடு சேர்ந்தால்தான் செல்லுபடியாகிறது போல.

வக்கீல்களின் பேட்டியில் கிளார்க்குகளைப் பற்றி வந்த பேச்சு நேரடியான வெறுப்பாக இல்லை, அதுதான் அதை இன்னும் சங்கடமாக்குகிறது. இவருக்கு அரசு வேலை பொருத்தமாக இருக்கும், தொண்டு நிறுவனத்தில் நன்றாகச் செய்வார் என்று அன்பாகவே சிலர் வழி காட்டினார்கள். பண உதவியில் படித்தவர், முதல் தலைமுறை மாணவர்களுக்கு உதவியவர், ஆகவே சமூக சேவை மனம் உள்ளவர், ஆகவே குறைந்த சம்பள வேலை. லட்சக்கணக்கில் கடன் வாங்கிச் சட்டம் படித்த ஒருவனிடம் உனக்குப் பணம் முக்கியமில்லை என்று இவர்கள் எப்படி முடிவு செய்தார்கள்? கடன் இருப்பதால் இருப்பாள் என்று ஜூலியா கிளார்க்குக்கு ஓரளவு சாதகமாக நினைத்த அதே தர்க்கம் ஜேம்ஸ் கிளார்க்குக்கு ஏன் நீளவில்லை என்பதற்கு நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரே தகவலை அவரவருக்குத் தேவையான பக்கம் திருப்பிக்கொள்ளலாம் என்பதைத் தவிர.

இங்கே இது எப்படி நடக்கும்

நம் ஊரில் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதற்கு அரசாங்கமே சான்றிதழ் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் 2010 முதல் அதைக் காட்டினால் தொழிற்கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. தாலுகா ஆபீஸுக்கு அலைந்து வாங்கிய அந்தத் தாளை வீட்டில் பத்திரமாக வைத்திருப்பார்கள், பெருமையும் உண்டு. வேலைக்கான ரெஸ்யூமில் அதை எழுதலாமா என்று ஒரு மாணவர் கேட்டால், ஜேம்ஸ் கிளார்க்கை நினைத்தபடி நான் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.

அமெரிக்காவில் பொழுதுபோக்கு வரியில் மறைந்து நுழைவது இங்கே நேராக வாசல் வழியாகவே வருகிறது. அப்பா என்ன பண்றார், சொந்த ஊர் எது, கூடப் பிறந்தவங்க எத்தனை பேர், எங்கே இருக்காங்க. பல ரெஸ்யூம்களில் தந்தை பெயர் இன்னும் தனி வரியாக நிற்கிறது, சிலவற்றில் கல்யாணம் ஆகிவிட்டதா என்பதுகூட. சுரிந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் 2007ல் டெல்லிப் பக்கம் 25 மனிதவள அதிகாரிகளிடம் பேசினார்கள். சாதி பார்ப்பதில்லை, திறமைதான் என்று சொன்ன அதே அதிகாரிகள் குடும்பப் பின்னணி மட்டும் கட்டாயம் கேட்போம் என்றார்கள். நல்ல குடும்பம் என்றால் பழக்கவழக்கம் சரியாக இருக்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அதே காலத்தில் சுக்தேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்ததில், ஒரே தகுதி இருந்தும் தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் வாய்ப்பு குறைந்தது. அமெரிக்க ஆய்வில் நால்வரும் வெள்ளையர் என்று படிக்கும்படி பெயர் வைத்ததால் வர்க்கத்தை மட்டும் பிரித்து அளக்க முடிந்தது. இங்கே வர்க்கத்தைத் தொட்டால் சாதியும் கூடவே வரும், பிரித்து அளப்பது சுலபமில்லை.

வசதியான வீட்டுப் பெண்ணைப் பற்றிய பேச்சு மட்டும் கடல் தாண்டியும் மாறவில்லை. சென்னையிலோ கோவையிலோ ஆள் எடுக்கும் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள், 'பெரிய இடத்துப் பொண்ணு, கல்யாணம் ஆனா அமெரிக்கா போயிடும்' என்பது கிட்டத்தட்ட தயாராகவே இருக்கும். பெரிய இடத்துப் பையனும் அமெரிக்கா போய்விடலாம், உண்மையில் அவன்தான் அதிகம் போகிறான். அதற்குப் பெயர் லட்சியம்.

என்ன செய்தார்கள், என்ன செய்யலாம்

பெயரை மறைப்பது முதலில் தோன்றும் வழி. 2015ல் பிரிட்டனில் அன்றைய பிரதமர் டேவிட் கேமரன், அரசுப் பணியிலும், கேபிஎம்ஜி, எச்எஸ்பிசி, டெலாய்ட், பிபிசி போன்ற இடங்களிலும் விண்ணப்பத்தில் பெயரை மறைத்துப் பரிசீலிப்பார்கள் என்று அறிவித்தார். அதற்கு முன்பே லண்டனின் பெரிய சட்ட நிறுவனங்களில் ஒன்றான கிளிஃபர்ட் சான்ஸ், கடைசிக் கட்ட இன்டர்வியூ நடத்துபவர்களுக்கு ரெஸ்யூமையே காட்டாமல் விட ஆரம்பித்தது. எந்தக் கல்லூரி என்று தெரியாமல் ஆளோடு பேசிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

காபட், கிளார்க் விஷயத்தில் பெயரை மறைத்தால் ஜூலியாவுக்கு உதவும், ஜேம்ஸ் கிளார்க்குக்கு அவ்வளவாக உதவாது. அவனைக் காட்டிக்கொடுப்பது பெயரைவிட அந்தக் கடைசி வரிகள். அதனால் பொழுதுபோக்கு, விருது, சங்கம் என்ற பகுதியை முதல் சுற்றில் யாரும் படிக்காதபடி எடுத்துவிடுவதுதான் பலன் தரும் என்று நினைக்கிறேன். இதற்குச் செலவும் இல்லை. ஒரு வக்கீலின் வேலைக்குப் போலோ எந்த விதத்திலும் தேவையில்லை என்பதை அந்த 147 நிறுவனங்களில் எவரும் மறுக்க மாட்டார்கள். இருந்தும் எடுப்பதற்குத் தயக்கம் இருக்கும், ஏனென்றால் அந்த வரிகளைப் படிப்பதுதான் ஆள் எடுப்பவருக்கு இந்த வேலையிலேயே சுவாரசியமான பகுதி, மதிப்பெண் எல்லோருக்கும் ஒன்றாகத்தானே இருக்கிறது.

மாணவர் பக்கத்திலிருந்து பார்த்தால் கசப்பான ஒரு தந்திரம் இருக்கிறது. ஜேம்ஸ் கிளார்க் உதவித்தொகை என்ற சொல்லை விருதிலிருந்து எடுத்துவிடலாம், முதல் தலைமுறை என்பதை விட்டுவிட்டு வெறுமனே மாணவர்களுக்கு வழிகாட்டி என்று எழுதினால் பொய்யும் ஆகாது, கன்ட்ரி இசையை விட்டுவிடலாம். ஜூலியா காபட் படகையும் போலோவையும் எடுத்துவிட்டு ஜெ. காபட் என்று மட்டும் போடலாம். நால்வரில் எதையும் அழிக்காமல், உள்ளது உள்ளபடி எழுதி அனுப்ப முடிகிறவன் ஜேம்ஸ் காபட் ஒருவன்தான்.

ஆய்வு இன்டர்வியூ அழைப்போடு நின்றுவிடுகிறது, கற்பனை ஆட்களை உள்ளே அனுப்ப முடியாது இல்லையா. வந்த 22 அழைப்பையும் ஆய்வாளர்கள் ரத்து செய்திருப்பார்கள். இன்டர்வியூ அறையில் ஜேம்ஸ் கிளார்க்கின் உச்சரிப்பு, கோட்டு, ஜூலியாவின் விரலில் மோதிரம் இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் சேர்ந்துகொள்ளும்போது இந்த இடைவெளி குறையுமா கூடுமா என்பது இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே. ரிவேராவின் 2012 ஆய்வைப் படித்தவர்கள் குறையும் என்று பந்தயம் கட்ட மாட்டார்கள்.